கண்டோன்மென்ட் கேசட்

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் மொட்டை மாடிக்குப் போன பிறகுதான் டிரேவர் பையிலிருந்து அந்த சிடியை எடுத்தான். காலையில் அச்யுத் வந்து கீழே வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். மேலே ஏறி வரவில்லை. வண்டியை ஆஃப்கூடப் பண்ணவில்லை என்று வாட்ச்மேன் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து டிரேவருக்கு மனசுக்குள் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனாலும் ஆல்பம் கைக்கு வந்துவிட்டது. அவனும் அச்யுத்தும் கல்லூரி நாட்களிலிருந்து பேசிப் பேசி, எழுதி எழுதிக் கிழித்துப் போட்டு, ஒருநாள் செய்தே தீருவோம் என்று இருந்த ராப் ஆல்பம். மேலட்டையில் அல்சூர் ஏரிக்கரையில் இரண்டு பேரும் நிற்கிற படம். அச்யுத்தின் முகம் பளிச்சென்று விழுந்திருந்தது. டிரேவரின் முகத்தில் பாதியைத் தொப்பி மறைத்திருந்தது. மேலே இருவர் பெயரும், கீழே பெரிய எழுத்தில் 'கண்டோன்மென்ட் கேசட்' என்றும் அச்சடித்திருந்தார்கள். கேசட் காலம் முடிந்து எல்லாம் சிடியாகிவிட்டாலும் பெயரை மட்டும் மாற்றக்கூடாது என்று அடம்பிடித்தவன் டிரேவர்தான்.

பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த அந்த அலுவலகத்தில், அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு டைப் அடிப்பதுதான் வேலை. காலுக்குக் கீழே ஒரு பெடல் இருக்கும். முன்னால் அழுத்தினால் குரல் ஓடும், விட்டால் நிற்கும், குதிகாலால் அழுத்தினால் பின்னால் போகும். எந்த டாக்டர் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார், யார் வாயில் எதையோ மென்றுகொண்டே பேசுகிறார், யாருக்கு அன்றைக்கு வீட்டில் சண்டை என்பதெல்லாம் டிரேவருக்கு அத்துப்படி. நடுவில் 'ம்ம்', 'ஆ' என்று இழுக்கிற இழுப்பையெல்லாம் தள்ளிவிட்டு விஷயத்தை மட்டும் அடி என்பதுதான் வேலையில் சேர்ந்த அன்றைக்கு அங்கே சொல்லிக்கொடுக்கிற பாடம். அந்தக் காதோடுதான் அவன் சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டான். டிபன் பாக்ஸ் பக்கத்தில் மூடியபடி இருந்தது. ஒரு பாட்டு கேட்டுவிட்டுச் சாப்பிடலாம் என்று நினைத்துக்கொண்டான்.

முதலில் பஸ் சத்தம் வந்தது. கண்டக்டர் விசில். கூட்டம். அதன் மேல் அச்யுத்தின் குரல், 'பெங்களூரு, ரெடியா?' என்று கேட்டது. இன்னொரு தரம் கேட்டது. பஸ் போய்க்கொண்டே இருந்தது. பாட்டு வரும் வரும் என்று காத்திருந்தால் அந்தத் துண்டே முடிந்துபோனது. அடுத்தது கல்லூரிக் கடைசி வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட பழைய பாட்டு. தமிழும் கன்னடமும் தக்னி உருதுவும் ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டுக்கொண்டு ஓடுகிற பாட்டு. டிரேவர் தன்னை மறந்து சிரித்துவிட்டான். அதற்கப்புறம் ஏதோ அரசாங்க ஆபீஸில் ஒரு கிளார்க்கும் மனு கொடுக்க வந்தவரும் பேசிக்கொள்வது போல, இரண்டு குரலையும் அச்யுத்தே மாற்றி மாற்றிப் பேசியிருந்தான். சிரிப்பு வரவில்லை. அடுத்த பாட்டில் போன பாட்டின் தாளமே வேகத்தைக் குறைத்துத் திரும்ப வந்தது. அதில் டிரேவர் எப்போதோ சும்மா பாடிவைத்திருந்த பல்லவி மட்டும் இருந்தது. பிறகு ஒரு போன் மணி. மறுமுனையில் அடிக்கிற மணி, டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டிருப்பவனுக்குக் கேட்கிற மாதிரி, அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அவ்வளவுதான் அந்தத் துண்டு.

அதற்கடுத்துதான் டாடியின் பாட்டு. டிரேவர் நிமிர்ந்து உட்கார்ந்தான். டாடி ஃபேக்டரி வேலையிலிருந்து ரிடையர் ஆனபோது அவன் எழுதியது. எழுதியதிலேயே நீளமானது. ஆல்பத்துக்கு முதுகெலும்பே அதுதான் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. அவனுடைய குரல் வந்தது.

'சங்கு ஊதறதுக்கு முன்னால சைக்கிள எறக்குவாரு,
செயினுக்கும் தலைக்கும் எண்ணெய ஒரே பாட்டில்ல ஊத்துவாரு,
மெஷினு கத்தின கத்தல்ல காது பாதி போச்சு,
வீட்ல நாங்க போடற சத்தம்தான் அவருக்கு மூச்சு.'

பிறகு அச்யுத் இங்கிலீஷில் ஊரைப் பற்றி ஏதோ சொன்னான். திரும்ப இதே நாலு வரி. திரும்ப அச்யுத். திரும்ப நாலு வரி. மீதிப் பாட்டைக் காணோம். டிரேவர் குதிகாலால் பெடலை அழுத்தினான், அது டாக்டர்களின் குரலுக்கு மட்டும்தான் பின்னால் போகும் என்பதை மறந்து. அடுத்த துண்டில் அச்யுத் அத்தை மகன், சித்தி மகள், தன் டீமில் வேலை செய்கிறவர்கள், கேன்டீன்காரர் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நன்றி சொன்னான். கடைசியில் குரலே இல்லாமல் வெறும் தாளம் மட்டும் கொஞ்ச நேரம் ஓடி நின்றது. அடுத்ததுக்காக டிரேவர் காத்திருந்தான். கம்ப்யூட்டர் சிடியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டது. மேலே ஃபேன் ஓடுகிற சத்தம் ஹெட்போனுக்குள் கேட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். சாப்பாட்டு இடைவேளையில் பாதிதான் போயிருந்தது.

பக்கத்து சீட்டு ஐரின் தண்ணீர் பாட்டிலை எடுக்க இறங்கி வந்தாள். அவளும் டிரேவரைப் போல ஜீவனஹள்ளிக்காரிதான். பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த ஆல்பத்தைப் பற்றி அவன் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். "வந்துடுச்சா? சொல்லவே இல்ல பாரு" என்று ஹெட்போனை அவன் தலையிலிருந்து பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள். டிரேவர் முதலிலிருந்து ஓடவிட்டான். அவள் தள்ளித் தள்ளிக் கேட்டாள். முகத்தில் இருந்த ஆசை எப்போது இறங்கியது என்று சொல்ல முடியாதபடி மெதுவாக இறங்கியது. ஹெட்போனைக் கழற்றி ஒயரை ஒழுங்காகச் சுற்றி மேஜைமேல் வைத்தாள்.

"ஏன் டிரேவர், இதுல நீ எங்க இருக்கே?" என்று கேட்டாள்.

அவன் டிபன் பாக்ஸைத் திறந்து இரண்டு வாய் சாப்பிட்டான். எலுமிச்சை சாதம் ஆறிப்போய் விறைத்திருந்தது.

அவர்கள் இரண்டு பேரும் சந்தித்தது கல்லூரி விழா மேடையில். அச்யுத்தோடு பாட வேண்டிய பையன் அன்றைக்கு வரவில்லை. கூட்டத்தில் இருந்த டிரேவரைக் கூட்டாளிகள் தூக்கி மேடையில் போட்டார்கள். அவன் கேன்டீன் சாம்பாரைப் பற்றி வாய்க்கு வந்ததைத் தாளத்தோடு சொல்லப்போக, ஹாலே எழுந்து நின்றது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு டிரேவர் ஜோகுபாளையத்தில் அச்யுத் வீட்டு மாடிக்குப் போய்விடுவான். ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, சட்டையைக் கழற்றிப் போட்டு வியர்க்க வியர்க்கப் பாடுவார்கள். அச்யுத்துக்கு இங்கிலீஷ், டிரேவருக்குத் தமிழ். தாளமெல்லாம் அச்யுத்தின் கம்ப்யூட்டரில். வெளிநாட்டில் இரண்டு பெரிய ஆட்கள் சேர்ந்து ஆல்பம் போட்டார்கள் என்று ஆசையோடு கேசட் வாங்கிவந்து கேட்டால் பாதிக்கு மேல் வெட்டிப் பேச்சும் சிரிப்பும் கதவு தட்டுகிற சத்தமுமாக இருக்கும். அப்போது இரண்டு பேரும் தரையில் படுத்துக்கொண்டு ஆளாளுக்குத் திட்டுவார்கள். நம்ம கேசட்டில் இரண்டு பக்கமும் பாட்டு நிரம்பி வழியணும், ஃபார்வர்ட் பட்டன்மேல் எவன் விரலும் போகக்கூடாது என்பான் அச்யுத்.

இந்த வருஷம் ஜனவரியில் டாடி விழுந்தார். டாடியின் பெயர் தியோடர்; தேவாலயப் பாடகர் குழுவில் அடித்தொண்டைக் குரல் அவருடையதுதான். அவர் பாடினால் மர பெஞ்சு அதிரும் என்று சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் கைவைத்துப் பார்ப்பார்கள். ஒத்திகையின்போது பாட்டை எடுக்க வாயைத் திறந்தவர் அப்படியே சரிந்தார். வலது கையும் காலும் போயிற்று. பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் டிரேவரும் அம்மா மௌரீனும் முறைபோட்டுக்கொண்டு இருந்தார்கள். வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகும் குளிப்பாட்ட, தூக்கி உட்காரவைக்க, வாயில் ஊட்ட ஒருத்தர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே போயின. இதற்குள் அச்யுத்துக்கு நியூஜெர்சியில் வேலை முடிவாகிவிட்டது. நான் போறதுக்குள்ள ஆல்பம் வெளிய வந்துடும், நீ கவலைப்படாதே என்று போனில் சொல்லியிருந்தான்.

அன்று சாயங்காலம் டிரேவர் சீக்கிரமே கிளம்பி ஜோகுபாளையம் போனான். அச்யுத் வீட்டு ஹாலில் இரண்டு பெரிய பெட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. அவன் அப்பா ஆராவமுதன் ஒவ்வொன்றையும் தூக்கித் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ருக்மிணி ஊறுகாய் பாட்டில்களை பிளாஸ்டிக் கவரில் போட்டு, அதன் மேல் இன்னொரு கவர் போட்டு முடிந்துகொண்டிருந்தாள்.

"வாப்பா டிரேவர். அப்பாக்கு இப்போ எப்படி இருக்கு? பேச்சு வந்துதா?"

"இன்னும் இல்ல ஆன்ட்டி. சத்தம் மட்டும் வருது."

"வந்துடும், வந்துடும். தினம் வேண்டிண்டுதான் இருக்கேன்" என்றாள். பிறகு, சிடி ஞாபகம் வந்தவளாக, "பாட்டு கேட்டியோ? ஆபீஸ்ல எல்லாரும் நன்னா இருக்குன்னு சொல்றாளாம். எனக்குத்தான் ஒண்ணும் புரியலை. நடுவுல ஒரு போன் அடிக்கறதே, யாராவது எடுங்கோளேன்னு இருந்தது எனக்கு" என்றாள்.

மாடி அறையில் அச்யுத் தரையில் உட்கார்ந்து ஸ்வெட்டர் மடித்துக்கொண்டிருந்தான். புத்தக அலமாரி காலியாகிவிட்டது. ஜன்னலில் கம்பளி இல்லை. கம்ப்யூட்டர் மட்டும் இன்னும் மேஜைமேல் இருந்தது. நாளைக்கு அத்தை மகன் வந்து எடுத்துப்போவானாம். பக்கத்தில் மைக்கும் அதன் ஸ்டாண்டில் அப்படியே இருந்தது. அச்யுத் தலையை நிமிர்த்தவில்லை.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"எப்டி?"

"சாப்பாட்டு டைம்ல போட்டேன். டிபன் பாக்ஸ் தெறக்கறதுக்குள்ள முடிஞ்சுடுச்சு."

அச்யுத் சிரித்தான். டிரேவர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்தினான். ஸ்வெட்டரின் கையை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"பாட்டு எங்கடா?" என்றான் டிரேவர். பஸ்ஸில் வரும்போது எப்படி நிதானமாகப் பேச வேண்டும் என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. "ஆபீஸ் காமெடின்னு நீயே ரெண்டு கொரல்ல பேசறே. கேன்டீன்காரருக்கு தேங்க்ஸ் சொல்றே. ஒரு போன் சும்னே அடிச்சினே இருக்குது. பேருக்கு மூணு பாட்டு, அதுலயும் ஒண்ணு பழசு, ஒண்ணு அதே பீட்டு. இத வேற எவனாவது போட்டிருந்தா நாம ரெண்டு பேரும் இங்க படுத்துக்கினு என்னா சொல்லியிருப்போம்? சொல்லு."

"தெரியும்டா."

"எங்க டாடி பாட்ட நாலு வரியோட வெட்டிட்டியே. ஒரு வார்த்த கேக்காம."

"கேக்கறதுக்கு நீ எங்கடா இருந்தே?" என்றான் அச்யுத். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று டிரேவருக்குத் தோன்றியது. "ஞாயித்துக்கிழமை ஆனா கம்பளிய தொங்கவிட்டு ஃபேன ஆஃப் பண்ணிட்டு உக்காந்திருப்பேன். நீ வருவியோ மாட்டியோன்னு. அந்த போன் இருக்கே, அது உங்க வீட்டு போன்தான். ஸ்பீக்கர்ல போட்டு உனக்கு அடிச்சேன், ரெக்கார்டிங் ஓடிட்டு இருந்துது. யாரும் எடுக்கல. இங்க உன் தமிழ், இங்க உன் தமிழ்னு எடம் விட்டு வெச்சிருந்தேன். எனக்கு அது எழுத வருமா? வெறுமனே விட முடியுமா? கைல கெடச்சத வெச்சு அடைச்சேன்."

"ஆஸ்பத்திரில இருந்தேன். ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். வந்தேனே."

"வார்டு வாசல்லயே நின்னுட்டு ஹார்லிக்ஸ நர்ஸ் கைல குடுத்துட்டுப் போனே."

அச்யுத் ஸ்வெட்டரைக் கீழே வைத்தான். கீழே ருக்மிணி எதற்கோ கணவரோடு கன்னடத்தில் வாக்குவாதம் பண்ணுவது கேட்டது. அந்த வீட்டில் கோபம் வந்தால் கன்னடத்துக்குப் போய்விடுவார்கள்.

"அங்கிள் என்னைப் பாத்துட்டார்டா. பாத்ததும் கூப்பிட வந்தார். வாய் ஒரு பக்கமா இழுத்துண்டு போச்சு. அவர் கொரல் எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியுமே. அந்த வாய்லேர்ந்து அந்தச் சத்தம் வந்ததும்..." அவன் முடிக்கவில்லை. "அப்பறம் அடுத்த வாரம் போகலாம், அடுத்த வாரம் போகலாம்னு... போகலை."

டிரேவர் ஜன்னல் பக்கம் போய் நின்றான். எதிர் வீட்டு மாடியில் ஒருத்தி கொடியிலிருந்து துணிகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். கத்தித் தீர்க்கலாம் என்று வந்தவனுக்கு இப்போது யார்மேல் கத்துவது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அச்யுத் எழுந்து கம்ப்யூட்டரை ஆன் பண்ணினான்.

"கடைசில வெறும் பீட்டு இருக்கு இல்ல, அது உனக்காக விட்டது. மத்ததெல்லாம் அடைச்சேன், அத மட்டும் அடைக்க மனசு வரலை. மைக் இன்னும் இருக்கு. பாடு. முழுசா, எழுதினது எழுதினபடி. அடிச்ச சிடி கெடக்கட்டும், வேற அடிச்சுக்கலாம்."

ஜன்னலைச் சாத்தினார்கள். ஃபேனை நிறுத்தினார்கள். இரண்டு நிமிஷத்தில் அந்தப் பழைய புழுக்கம் வந்துவிட்டது. அச்யுத் ஹெட்போனை நீட்டினான். தாளம் ஆரம்பித்தது. டிரேவர் கண்ணை மூடிக்கொண்டு சங்கு ஊதுவதிலிருந்து தொடங்கினான். முதல் நாலு வரியும் அவனைத் தூக்கிக்கொண்டு போயின. டாடி வாசற்படியில் சைக்கிளை இறக்குகிற சத்தமே காதில் கேட்டது. தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. ஐந்தாவது வரிக்கு வந்தான். 'நீதான் எனக்கு மலை டாடி, நீதான் எனக்குக் கடல் டாடி.' அடுத்தது, 'உன்னப்போல தியாகம் பண்ண உலகத்துல ஆளில்ல.' அதற்கடுத்தது அதே மாதிரி இன்னொன்று. தன் குரலைத் தானே ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தவனுக்குச் சங்கடமாக இருந்தது. வேலையில் பழகிய அந்தக் காது அவன் கேட்காமலே வேலை செய்ய ஆரம்பித்தது. இங்கே ஒன்றுமில்லை, இங்கேயும் ஒன்றுமில்லை, இது இழுப்பு, இது சும்மா, தள்ளு தள்ளு என்று அது சொல்லிக்கொண்டே போனது. மலையை யார் பார்த்தார்கள்? டாடிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? அந்த எண்ணெய் பாட்டிலுக்குப் பிறகு பாட்டில் டாடியையே காணோம். இவ்வளவு நாளாக நீளம் நீளம் என்று பெருமைப்பட்டதெல்லாம் இதுதான்.

'விழுந்து பாத்ததில்ல உன்ன, விழவே மாட்ட நீ' என்ற வரி வந்தபோது மூச்சு முட்டியது. வரி பின்னால் தங்க, தாளம் முன்னால் போய்விட்டது. எட்டிப் பிடிக்கப் பார்த்தான். மாதக்கணக்கில் பாடாத நெஞ்சு ஒத்துழைக்கவில்லை. அச்யுத் எந்த இடத்தில் வெட்டியிருந்தானோ அந்த இடம் வரைக்கும்தான் பாட்டு இருந்தது என்பது அவனுக்கு இப்போது தெளிவாகத் தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. ஆரம்பித்ததைக் கடைசி வார்த்தை வரைக்கும் சொல்லி முடித்துவிட்டு ஹெட்போனைக் கழற்றினான். நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது.

அந்த அறையில் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேசாமலே ஏற்பட்டிருந்த ஒரு வழக்கம் உண்டு. நன்றாக இல்லாவிட்டால் 'குப்பை' என்பார்கள். தலையணை பறந்துவரும். ஒரு தடவை செருப்பே வந்தது. நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், இன்னொரு வாட்டி போடு என்பதோடு சரி. பாராட்டெல்லாம் வெளி ஆட்களுக்கு. அச்யுத்தின் சித்தப்பா வீணை வாசித்துக் காட்டினால் அதற்கு. இப்போது அச்யுத் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். டிரேவர் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தான். குப்பைடா, மூடிட்டு முதல்லேர்ந்து எழுது என்று அவன் சொல்லிவிட்டால் போதும். இங்கேயே தரையில் உட்கார்ந்து எழுதிவிடலாம். நாளை மறுநாள்தானே விமானம்.

அச்யுத் திரும்பினான். முகத்தில் ஒரு புன்னகையை வைத்துக்கொண்டான்.

"சூப்பர் மச்சா. சக்கத்தா வந்திருக்கு."

"நெஜமாவா?"

"நெஜமாதான். ரொம்ப ஃபீல் இருக்கு." மௌஸைப் பிடித்து எதையோ அழுத்தினான். "சேவ் பண்ணிட்டேன். அங்க போய் செட்டில் ஆனதும் மிக்ஸ் பண்ணி அனுப்பறேன். என்ன பேரு போடட்டும்?"

"ஒன் இஷ்டம்."

கீழிருந்து ருக்மிணி காபி ஆறுகிறது என்று கூப்பிட்டாள். இரண்டு பேரும் ஹாலில் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டே குடித்தார்கள். அங்கே குளிர் எப்படி இருக்கும், போய் இறங்கியதும் யார் அழைத்துப்போவார்கள் என்று ஆராவமுதன் சொன்னதற்கெல்லாம் டிரேவர் தலையாட்டினான். அச்யுத் கேட் வரைக்கும் வந்தான். "அங்கிள கேட்டதா சொல்லு" என்றான். "சொல்றேன்" என்றான் டிரேவர். அப்போது அச்யுத் கையை நீட்டினான். அத்தனை வருஷத்தில் அவர்கள் கைகுலுக்கிக்கொண்டதே கிடையாது. முதுகில் அடித்திருக்கிறார்கள், கழுத்தைப் பிடித்து நெரித்திருக்கிறார்கள், ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள். டிரேவர் அந்தக் கையை ஒரு கணம் பார்த்துவிட்டுப் பிடித்துக் குலுக்கினான். தெருமுனை திரும்பிய பிறகுதான் அழுகை வந்தது. அல்சூர் பஸ் ஸ்டாப்பில் கூட்டமாக இருந்ததால் அங்கே நிற்காமல் அடுத்த ஸ்டாப் வரைக்கும் நடந்தே போனான்.

ஜீவனஹள்ளியில் வீட்டுக்கு வந்தபோது மௌரீன் டாடியை நாற்காலியில் தலையணை வைத்து உட்காரவைத்திருந்தாள். கழுத்தில் துண்டு கட்டியிருந்தது. ராகிக் கஞ்சிக் கிண்ணம் ஸ்டூல்மேல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"ஐரின் சொன்னா, சிடி வந்துச்சாமே. கொண்டாந்தியா? டாடிக்குப் போட்டுக் காட்டு" என்றாள்.

"அப்பறம் கேக்கலாம் மம்மி."

"அப்பறம் என்னா அப்பறம்? போடுடா. அவரு பாட்ட மட்டுமாவது போடு."

டிரேவர் டேப் ரெக்கார்டரின் தட்டில் சிடியை வைத்து அந்தப் பாட்டுக்குப் போனான். சங்கு ஊதியது. செயினுக்கும் தலைக்கும் எண்ணெய் என்றதும் மௌரீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாடி தலையை லேசாகச் சாய்த்து ஸ்பீக்கரையே பார்த்தார். அச்யுத்தின் இங்கிலீஷ் வந்து போனது. அதே நாலு வரி வந்தது. மறுபடி வந்தது. பாட்டு முடிந்து கேன்டீன்காரருக்கு நன்றி சொல்லத் தொடங்கியதும் டிரேவர் எழுந்துபோய் நிறுத்தினான்.

"அவ்ளோதானா?" என்றாள் மௌரீன். "நீ பெருசா எழுதியிருந்தியேடா. அந்தப் பையன் வெட்டிட்டானா?"

"இல்ல மம்மி. நான் எழுதினதே அவ்ளோதான்."

அவள் மகனை ஒரு பார்வை பார்த்தாள். டிரேவர் ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டு கிண்ணத்தைக் கையில் எடுத்தான். கஞ்சியை ஸ்பூனில் எடுத்து ஊதி டாடியின் இடது கன்னத்துப் பக்கமாகக் கொடுத்தான். விழுங்கினார். இரண்டாவது ஸ்பூனை நீட்டியபோது வாயை வைக்கவில்லை. உதடு நடுங்கியது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பி, நாக்கில் இடறி நின்றது.

"தண்ணியா?" என்றாள் மௌரீன். "சூடா இருக்குதா? ஃபேன் போடணுமா? ஃபேன்தான் கேக்கறாருடா." அவள் சுவிட்சுக்காக எழுந்தாள்.

"இரு மம்மி" என்றான் டிரேவர். "சொல்லட்டும்."

மௌரீன் பாதி எழுந்த நிலையிலேயே நின்றாள். டாடியின் நெற்றி நரம்பு புடைத்தது. நல்ல கையால் நாற்காலியின் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சத்தம் மறுபடி தொண்டையிலிருந்து ஏறி வந்தது, பாதியில் அறுந்தது, மறுபடி ஏறியது. வெளியே தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்து ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருந்தார்கள். டிரேவர் ஸ்பூனை அப்படியே காற்றில் பிடித்தபடி டாடியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கிண்ணத்தில் கஞ்சியின் மேல் ஆடை படர ஆரம்பித்திருந்தது.